கம்பெனித் தண்ணி சும்மா வருது, பாய்ச்சலாமா?

கோடை வந்தால் நம் உழவர் கூட்டங்களில் இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. "ஏண்ணே, நம்ம தோட்டத்துக்குப் பக்கத்துல பால் கம்பெனி இருக்கு. சுத்தம் பண்ணின தண்ணின்னு சொல்றாங்க. பைப் போட்டுக் கொடுக்குறோம், சும்மாவே எடுத்துக்கோங்கன்னு வர்றாங்க. தென்னைக்கு விடலாமா?" பால் கம்பெனிக்குப் பதில் அரிசி ஆலை, மாம்பழக்கூழ் ஆலை, ஊறுகாய்க் கம்பெனி என்று பெயர் மாறும். கேள்வி மாறாது.

கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. திண்டுக்கல் சமவெளியில் ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வருகிறது என்ற நிலையில், வருடம் முழுக்க ஓடும் ஒரு வாய்க்கால் கண்ணில் தெரிந்தால் யாருக்கும் ஆசை வரும். "அதெல்லாம் சாயத் தண்ணி இல்ல, தோல் தண்ணி இல்ல, நாம சாப்பிடுற பொருளைக் கழுவுன தண்ணிதானே" என்ற நியாயமும் சேர்ந்துகொள்கிறது. அந்த நியாயம் பாதி சரி. மீதிப் பாதியில்தான் கிணறு போய்விடும்.

அதனால் பாய்ச்சலாம், கூடாது என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அந்தத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. உணவு ஆலைக் கழிவுநீரில் இருப்பதை உழவர் கணக்கில் இரண்டாகப் பிரிக்கலாம். ஒன்று அழுகிப் போவது. மற்றது எந்தக் காலத்திலும் அழுகாதது. முதல் வகையை மண் தின்னும். இரண்டாவதை மண்ணாலும் தின்ன முடியாது, நாணலாலும் முடியாது, எந்தக் கரைசலாலும் முடியாது. அதன் பெயர் உப்பு.

மண் தின்பது

பால், அரிசிக் கஞ்சி, பழச்சாறு, மரவள்ளி மாவு எல்லாமே நுண்ணுயிருக்கு விருந்து. தண்ணீரில் கலந்திருக்கும் இந்த விருந்தைத் தின்று முடிக்க நுண்ணுயிருக்கு எவ்வளவு உயிர்வளி தேவையோ, அந்த அளவைத்தான் பி.ஓ.டி. என்கிறார்கள். ஒரு லிட்டர் பால் செரிக்க ஏறத்தாழ 100 கிராம் உயிர்வளி வேண்டும். ஆயிரம் லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஒரே ஒரு லிட்டர் பாலைச் சிந்தினாலே அதன் பி.ஓ.டி. லிட்டருக்கு 100 மி.கி. ஆகிவிடும். பாசனத்துக்காக நிலத்தில் விடும் கழிவுநீருக்கு நம் நாட்டு விதி அனுமதிக்கும் உச்ச அளவே அந்த 100தான். ஆற்றில் விடுவதென்றால் 30. நிலத்துக்கு மூன்று மடங்குக்கு மேல் சலுகை ஏன் என்றால், உயிருள்ள மண் ஆற்றைவிட நன்றாகச் செரிக்கும் என்பதால்தான். நாம் மூடாக்கும் மட்கும் போட்டு வளர்த்த மண் இன்னும் நன்றாகவே செரிக்கும்.

ஆனால் மண்ணுக்கும் வயிறு ஒரு அளவுதான். தினமும் விடாமல் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் மண் துளைகளில் காற்று போக வழியில்லாமல் மூச்சு முட்டும். உயிர்வளி தீர்ந்ததும் வேறு வகை நுண்ணுயிர்கள் ஆட்சிக்கு வரும், நாற்றம் கிளம்பும், மண் கறுக்கும். அதோடு நின்றாலும் பரவாயில்லை. காற்றில்லாத மண்ணில், அதுவரை கல்லோடு கல்லாக ஒட்டிக் கிடந்த இரும்பும் மாங்கனீசும் கரைந்து கீழே இறங்க ஆரம்பிக்கும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இதுதான் நடந்தது. அங்கே பழம், காய் பதப்படுத்தும் ஆலைகள் கழிவுநீரைப் பல ஆண்டுகள் வயலில் தெளித்தன. தெளித்த தண்ணீரில் உலோகம் எதுவும் பெரிதாக இல்லை. பக்கத்து வீட்டுக் கிணறுகளில் மட்டும் இரும்பு, மாங்கனீசு, சில இடங்களில் ஆர்சனிக் ஏறியது. வந்தது எல்லாம் அந்த மண்ணிலேயே இருந்தவை. பழச்சாறு போய் அவற்றைக் கழற்றி விட்டது, அவ்வளவே.

தழைச்சத்தும் இப்படித்தான். பாலில் புரதம் உண்டு, அது மண்ணில் நைட்ரேட்டாக மாறும். பயிர் எடுத்தது போக மிச்சம் மழையோடு கீழே போகும். குடிநீரில் நைட்ரேட் 45 மி.கி.க்கு மேல் போகக்கூடாது என்பது இந்தியத் தரம். ஒரு லிட்டர் ஆலைத் தண்ணீரில் 60 மி.கி. தழைச்சத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரம் தண்ணீர் கட்டினால் ஏறத்தாழ 1 லட்சத்து 3 ஆயிரம் லிட்டர். அதில் 6 கிலோ தழைச்சத்து வந்துவிடும். இரண்டு அங்குலம் வீதம் பத்துத் தண்ணீர் பாய்ச்சினால் 120 கிலோ. சின்ன வெங்காயத்துக்கு அதில் கால் பங்குகூடத் தேவையில்லை. "உரச் செலவு மிச்சம்" என்று சந்தோஷப்படுகிறவர் இந்தக் கணக்கையும் போட வேண்டும்.

இவ்வளவு சொன்னாலும், அழுகும் பொருள் நம் கைக்குள் அடங்கும் பிரச்சினைதான். பாய்ச்சலை நிறுத்தினால் மண் சில மாதங்களில் மூச்சு வாங்கிக்கொள்ளும். உப்பு அப்படி இல்லை.

உப்புக் கணக்கு

தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் டி.டி.எஸ். என்கிறோம். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியம் கழிவுநீருக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 2,100 மி.கி. சரி, கம்பெனி யோக்கியமாக அந்த வரம்புக்குள்ளேயே தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு ஓர் அங்குலத் தண்ணீரில் 216 கிலோ உப்பு வரும். இரண்டு அங்குலம் வீதம் பத்துத் தண்ணீருக்கு 4,300 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாகக் கட்டினால் 86 மூட்டை. ஒரு போகத்துக்கு, ஒரு ஏக்கருக்கு, விதியை மீறாமலேயே!

"எங்க கிணத்துத் தண்ணியிலயும்தான் உப்பு இருக்கு" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. 800 மி.கி. டி.டி.எஸ். உள்ள கிணற்றுத் தண்ணீரை அதே அளவு பாய்ச்சினால் 1,600 கிலோவுக்கு மேல் வரத்தான் செய்யும். ஆனால் அது அதே நிலத்தடியிலிருந்து எடுத்து அதே நிலத்துக்கு விடுவது. கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே என்று சுற்றிக்கொண்டிருக்கும் உப்பு. ஆலை உப்பின் பெரும்பகுதி சாக்கிலும் கேனிலும் லாரி ஏறி வந்த உப்பு. நம் நிலத்துக்குப் புதிது. வந்தது திரும்பிப் போக வழி கிடையாது.

ஏன் வழி கிடையாது? இது நம் பூமியின் வாகு. திண்டுக்கல் சமவெளிக்குக் கீழே இருப்பது சார்னோகைட், நைஸ் என்ற கெட்டிப் பாறை. தண்ணீர் நிற்பது மேலே சிதைந்து கிடக்கும் சுக்கான் அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும்தான். காவிரிப் படுகை மணல்போல் அல்ல. இந்தச் சிதைந்த பாறையில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பங்கு இடமே தண்ணீருக்கு. பத்து மீட்டர் கனத்துக்கு நீர் நிறைந்திருந்தாலும் ஒரு ஏக்கருக்கு அடியில் சுமார் 8 லட்சம் லிட்டர்தான் இருக்கும். அதன்மேல் 4,300 கிலோ உப்பைக் கொட்டினால், முழுக்க இறங்கிக் கலக்கிறது என்றே வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 5,000 மி.கி.க்கு மேல் ஏறும். எல்லாம் ஒரே ஆண்டில் இறங்காது, பக்கத்து நீரும் வந்து கலக்கும், நல்ல ஐப்பசி மழை கொஞ்சம் கரைக்கும். ஆனாலும் பாத்திரம் எவ்வளவு சிறியது என்று இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது. சின்னப் பாத்திரத்தில் ஒரு கை உப்பு கூடினாலே குழம்பு கெட்டுவிடும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதானே.

நாம் ஏற்கெனவே பார்த்தது

இதைப் படிப்பதற்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. திண்டுக்கல்லைச் சுற்றிய தோல் பதனிடும் ஆலைகளின் கதை நம் ஊர்க் கதை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வின் அந்தத் தீர்ப்பில் நம் மாவட்டமும் இருக்கிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கில், குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்று நீதிமன்றம் பதிவு செய்தது. திண்டுக்கல் உள்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. மாசு செய்தவரே அதற்கான செலவையும் ஏற்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்த நாட்டின் சட்டத்தின் பகுதி என்று உறுதியாகச் சொன்ன தீர்ப்பு அது. நாடு முழுக்க இன்றும் வழக்குகளில் எடுத்துக் காட்டப்படுகிறது. ஆனால் கிணறு கெட்டவருக்கு, அந்தத் தீர்ப்பு வந்தபோது கிணறு கெட்டுப்போய் வெகுகாலம் ஆகியிருந்தது.

தோல் ஆலை என்றதும் குரோமியம்தான் ஞாபகம் வரும். நம் தென்னையையும் வெங்காயத்தையும் தோட்டம் தோட்டமாக வீழ்த்தியதில் பெரும் பங்கு சாதாரண உப்புக்கு. தோல் கெடாமல் இருக்கக் கட்டும் கல்லுப்பு. அதையே வேறு காரணத்துக்காக ஊறுகாய்க் கம்பெனியும் பயன்படுத்துகிறது. கிணற்றுக்கு அது தோலில் இருந்து வந்ததா, மாங்காயில் இருந்து வந்ததா என்று தெரியாது.

ஐதராபாத்தின் தேசிய புவி இயற்பியல் ஆய்வு நிறுவன விஞ்ஞானிகள் குடகனாற்றின் மேல்படுகையில், அதாவது நம் தோல் ஆலைப் பகுதியில், நிலத்தடி நீர் ஓட்டத்தைக் கணினியில் மாதிரியாக்கிப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது: கொட்டும் மாசைப் பாதியாகக் குறைத்தாலும், இருபது ஆண்டு கழிந்த பிறகும் நிலத்தடி நீரின் உப்பு பாதிக்குக் கீழே இறங்காது. இருபது ஆண்டு என்றால் தோட்டம் மகன் கைக்குப் போயிருக்கும்.

எந்தக் கம்பெனி, எந்தத் தண்ணி

இனி ஆலை ஆலையாகப் பார்க்கலாம். புழுங்கல் அரிசி ஆலையின் நெல் ஊறவைத்த தண்ணீர் நாற்றமடிக்கும், மஞ்சளாக இருக்கும், பார்த்தால் முகம் சுளிப்போம். ஆனால் அதில் பெரும்பாலும் அழுகும் பொருளும் சாம்பல் சத்தும்தான். உப்புக் கணக்கில் இதுவே சாதுவானது. சேலம், நாமக்கல் பக்கம் ஜவ்வரிசி ஆலைத் தண்ணீர் புளிப்பாக, பி.ஓ.டி. ஆயிரக்கணக்கில் இருக்கும். அப்படியே விட்டால் பயிர் கருகும், ஓடை சாகும். சாண எரிவாயுக் கலம்போல மூடிய கலத்தில் போட்டால் எரிவாயுவாகிவிடும். அங்கே பல ஆலைகள் அதைச் செய்து அடுப்பும் எரிக்கின்றன. நாற்றத்தைக் கண்டு தண்ணீரை எடைபோடக் கூடாது என்பதற்கு இவை இரண்டும் போதும்.

பால் கம்பெனி கொஞ்சம் சூட்சுமமானது. பால் பட்ட தண்ணீரை நல்ல சுத்திகரிப்பு நிலையம் எளிதாகச் செரித்துவிடும். பிரச்சினை பாலில் இல்லை, பால் ஓடிய குழாயைக் கழுவுவதில் இருக்கிறது. தினமும் காஸ்டிக் சோடா கரைசலும் அமிலமும் விட்டுக் கழுவுகிறார்கள். காஸ்டிக் சோடாவின் சோடியம் அத்தனையும் கடைசியில் கழிவுநீரில்தான். அதோடு கொதிகலனுக்காக வைத்திருக்கும் மென்னீர்க் கருவியை உப்புக் கரைசல் விட்டுக் கழுவுவார்கள். ஆர்.ஓ. இயந்திரம் ஒதுக்கும் தண்ணீரும் சேரும். 1,000 டி.டி.எஸ். போர் தண்ணீரில் பாதியை நல்ல தண்ணீராக எடுத்தால், ஒதுங்கும் மறு பாதியில் ஏறத்தாழ 2,000 இருக்கும். தெளிவாக, வாசனையில்லாமல், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும் அந்தத் தண்ணீர்தான் ஆபத்தானது.

சோடியத்துக்கு இன்னொரு குணம் உண்டு. அது மண்ணின் கட்டுமானத்தையே உடைக்கும். மண் குருணை சிதைந்து மாவாகி, மேலே பாளம் கட்டும், கீழே தண்ணீர் இறங்காது. நம் முன்னோர் உவர் நிலம், களர் நிலம் என்று இரண்டாகப் பிரித்ததில் களர் என்பது இதுதான். ஜிப்சம் போட்டால் சரியாகும் என்பார்கள். ஓரளவு ஆகும். ஆனால் ஜிப்சம் கழற்றிவிட்ட சோடியத்தை நல்ல தண்ணீர் விட்டுக் கீழே கழுவ வேண்டும். கீழே என்றால் எங்கே? கிணற்றுக்குத்தான்.

ஊறுகாய், கெர்கின் எனும் சிறு வெள்ளரி இவற்றைப் பதப்படுத்தும் இடங்களின் உப்புநீரைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்புள்ள 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் 20 கிலோ உப்பு. பத்துப் பீப்பாயைக் கவிழ்த்தால் 200 கிலோ. முப்பதுக்கு முப்பது அடிக் கிணற்றில் இருபது அடித் தண்ணீர் நின்றால் 5 லட்சம் லிட்டர் சொச்சம். அந்த 200 கிலோ உப்பு அதில் போய்ச் சேர்ந்தால் கிணறு முழுக்க லிட்டருக்கு ஏறத்தாழ 400 மி.கி. ஏறும். பத்தே பீப்பாய்! இந்த உப்புநீரை மற்றக் கழுவும் தண்ணீரோடு கலந்து "சராசரி வரம்புக்குள் இருக்கிறது" என்று காட்டுவது கண்கட்டு வித்தை. தண்ணீர் கூடும், உப்பு குறையாது.

ஆகவே கம்பெனியிடம் நாம் முதலில் கேட்க வேண்டியது, "உப்புத் தண்ணியைத் தனியாப் பிரிச்சிருக்கீங்களா?" என்பதே. கலந்த பிறகு உப்பைப் பிரிக்கக் கொள்ளைச் செலவு. கலக்கும் முன் பிரிப்பது தனிக் குழாயும் தனித் தொட்டியும் போடும் செலவுதான். உப்புநீரைத் தார்ப்பாய் விரித்த ஆவியாக்கும் தொட்டிக்கோ, திரும்பப் பயன்படுத்தவோ அனுப்பலாம். கழுவும் வேலைக்கு காஸ்டிக் சோடாவுக்குப் பதிலாக காஸ்டிக் பொட்டாஷ் பயன்படுத்தலாம். ஆஸ்திரேலியத் திராட்சை மது ஆலைகளில் பல இப்படி மாறியிருக்கின்றன, கழிவுநீரைத் தோட்டத்துக்கு விட வேண்டும் என்பதற்காகவே. விலை கூடுதல்தான். ஆனால் சோடியத்தின் இடத்தில் சாம்பல் சத்து வரும், பயிர் அதை எடுத்துக்கொள்ளும். அதற்கும் அளவு உண்டு என்றாலும், களர் ஆவதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

"நாணல், கல்வாழை வச்சு இயற்கை முறையில சுத்தம் பண்றோம்" என்று சில இடங்களில் பெருமையாகச் சொல்கிறார்கள். இயற்கை என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் இளகிவிடுகிறார்கள். நாணல் படுகை பி.ஓ.டி.யை நன்றாகவே குறைக்கும், அதில் சந்தேகமில்லை. உப்பைப் பொறுத்தவரை தலைகீழ். செடி தண்ணீரைக் குடித்து ஆவியாக விடும், உப்பு மிஞ்சிய தண்ணீரில் தங்கும். உள்ளே போனதைவிட வெளியே வருவதில் டி.டி.எஸ். கூடுதலாக இருப்பதைச் சாதாரண மீட்டரிலேயே பார்க்கலாம்.

பணமும் படிப்பும் உள்ள இடத்தில்கூட இது சறுக்கியிருக்கிறது. கலிபோர்னியாவில் ஹில்மார் என்ற ஊரில் உள்ள மிகப் பெரிய பாலாடைக்கட்டி ஆலை, உப்பு கூடிய கழிவுநீரைச் சுற்று வயல்களில் விட்டுவந்தது. 2005இல் அங்குள்ள நீர்த்தர வாரியம் 40 லட்சம் டாலர் அபராதம் முன்மொழிந்தது, பிறகு 30 லட்சம் டாலரில் சமரசம் ஆனது. அதில் ஒரு பகுதியை அந்தப் பள்ளத்தாக்கின் உப்புப் பிரச்சினையை ஆராயவே ஒதுக்கினார்கள்.

முதலில் நம் கிணற்றின் எண்

இத்தனைக்குப் பிறகும் எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றினால், ஒரு சொட்டு வயலுக்குள் வருவதற்கு முன் உங்கள் கிணற்றையும் பக்கத்துக் கிணறுகளையும் சோதித்துத் தேதியோடு எழுதி வையுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நாளைக்குத் தண்ணீர் கெட்டால், "உங்க கிணறு முன்னாடியே அப்படித்தான்" என்பதுதான் வரும் முதல் பதில். பழைய எண் கையில் இல்லாதவர் அதை மறுக்க முடியாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடம், வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையம், காந்திகிராமத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் இவற்றில் விசாரித்தால் எங்கே எதைச் சோதிக்கலாம் என்று வழி சொல்வார்கள். கார அமில நிலை, மின்கடத்துதிறன் என்னும் ஈ.சி., டி.டி.எஸ்., குளோரைடு, சோடியம், கால்சியம், மெக்னீசியம், நைட்ரேட் இவ்வளவும் வேண்டும். ஆலைத் தண்ணீருக்குக் கூடுதலாக பி.ஓ.டி., எண்ணெய்ப் பசை.

கம்பெனி தரும் ஒரே ஒரு அறிக்கையை நம்பி இறங்க வேண்டாம். ஆலைத் தண்ணீர் வேளைக்கு வேளை மாறும். காலையில் வருவது ஒன்று, குழாய் கழுவும் நேரத்தில் வருவது இன்னொன்று, ராத்திரி வருவது வேறு. மூன்று நேரமும் நாமே பிடிக்க வேண்டும். ஒரு டி.டி.எஸ். பேனா வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்துக்கு அது ஈடாகாது, ஆனால் நேற்று 900 காட்டியது இன்று 2,600 காட்டினால் உடனே வால்வை மூடலாம்.

ஈ.சி. எண்ணை எப்படிப் படிப்பது? உலக உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டியில் தண்ணீரின் ஈ.சி. 0.7-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை, 3-க்கு மேல் போனால் கடும் கட்டுப்பாடு. ஒரு ஈ.சி. என்பது தோராயமாக 640 மி.கி. உப்பு. பீன்ஸ் 0.7 தாண்டினாலும், வெங்காயம் 0.8 தாண்டினாலும் விளைச்சல் குறைய ஆரம்பிக்கும். திராட்சைக்கு 1, மக்காச்சோளத்துக்கு 1.1, தக்காளிக்கு 1.7. சோளமும் பருத்தியும் 4, 5 வரைகூடத் தாங்கும். 2,100 மி.கி. என்ற சட்ட வரம்பு ஈ.சி.யில் 3.3 ஆகிறது. ஆக, சட்டப்படி சரியான தண்ணீர் ஒட்டன்சத்திரம் வெங்காயத்துக்கும் ஐயலூர் தக்காளிக்கும் சரிப்படாது! சட்டம் கம்பெனிக்காக எழுதியது, வெங்காயத்துக்காக எழுதியதில்லை. என் கணக்கில், நம் பூமிக்கு ஆலைத் தண்ணீரின் உப்பு நம் கிணற்று உப்பைவிடக் கூடுதலாக இருந்தால் கைகூப்பிவிட வேண்டியதுதான்.

தென்னை தாங்கும், சோளம் தாங்கும் என்று பயிரை மாற்றிக்கொண்டு உப்புத் தண்ணீரை வாங்குவது நல்ல யோசனைபோலத் தெரியும். பயிர் தாங்குவது வேறு, கிணறு தாங்குவது வேறு. தென்னை நன்றாகக் காய்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே கிணறு உவர்த்துக்கொண்டிருக்கும்.

உப்பு குறைவு, பி.ஓ.டி. அடக்கம் என்று தெரிந்த தண்ணீருக்கு முதல் பயிராகத் தீவனப்புல் ஏற்றது. அடிக்கடி அறுப்பதால் தழைச்சத்தை வெளியே எடுத்துக்கொண்டே இருக்கும். பச்சையாகத் தின்னும் காய்கறி, கீரைக்கு வேண்டாம். கம்பெனியின் கழிப்பறை, கேன்டீன் தண்ணீர் அதே வாய்க்காலில் சேர்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் சேர்கிறது. நிலத்தை மூன்று நான்கு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிப் பாய்ச்சி, ஒவ்வொன்றுக்கும் காய்ச்சல் விட வேண்டும். மண் காய்ந்தால்தான் காற்று உள்ளே போகும். மழை நாளில் பாய்ச்சக் கூடாது. அன்றைக்குத்தான் கம்பெனிக்குத் தொட்டி நிரம்பி வழியும், அன்றைக்குத்தான் "கொஞ்சம் எடுத்துக்கோங்களேன்" என்று போன் வரும். அதனால் மழைக்காலத் தண்ணீரைத் தேக்கும் தொட்டி கம்பெனி வளாகத்துக்குள், அடியில் தார்ப்பாயோ சிமெண்டோ போட்டு இருக்க வேண்டும். நம் தோட்டத்தில் வெறும் மண் குட்டை வெட்டித் தேக்குவது, கிணற்றுக்கு நேராகப் புனல் வைப்பது மாதிரி. கிணற்றுக்கு மேல்சரிவில் உள்ள துண்டையும், சுக்கான் மேலேயே தெரிகிற துண்டையும் விட்டுவிடுங்கள். வருடத்துக்கு ஒருமுறையாவது, ஐப்பசி கார்த்திகையில், முழுக்க மழைத் தண்ணீர் மட்டும் அந்த நிலத்தில் இறங்கட்டும்.

அங்ககச் சான்று வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் குழாய் இணைக்கும் முன்பே சான்று தரும் அமைப்பிடம் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது ஆய்வாளர் கேட்கும் கேள்விகளில் ஒன்று.

காகிதத்தில் இருக்க வேண்டியவை

நீர் மாசு தடுப்புச் சட்டம், 1974-இன்படி ஒவ்வோர் ஆலையும் மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை பெற்றிருக்க வேண்டும். ஒரு நாளைக்கு எவ்வளவு கழிவுநீர், அதை எங்கே விட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். "சொந்த வளாகத்தில் தோட்டத்துக்கு" என்று எழுதியிருந்தால், மதிலைத் தாண்டி உங்கள் வயலுக்கு வரும் தண்ணீர் விதிமீறல். அதை வாங்கிக்கொள்ளும் நீங்கள் அவர்களுடைய வடிகால் ஆகிவிடுகிறீர்கள். இசைவாணையின் நகலைக் கம்பெனியிடம் கேளுங்கள். தராவிட்டால் திண்டுக்கல்லில் உள்ள மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

தனி ஆளாகப் போய் வாங்க வேண்டாம். கரூர் புகளூரில் அரசுக் காகித ஆலையின் சுத்திகரித்த கழிவுநீரை 1990கள் முதலே உழவர்கள் சங்கமாகச் சேர்ந்து ஏற்றுப் பாசனத்தில் பயன்படுத்துகிறார்கள். அங்கே உப்பு பற்றிய பேச்சே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சங்கமாக இருந்தால் எதிரே உட்கார்ந்து பேச ஆளிருக்கிறது. ஒப்பந்தத்தில் நாளைக்கு எத்தனை லிட்டர், உச்ச ஈ.சி. எவ்வளவு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆலைத் தண்ணீரையும் சுற்றுக் கிணறுகளையும் யார் செலவில் யார் சோதிப்பது, வேண்டாம் என்று தோன்றும் நாளில் நாம் மறுக்கும் உரிமை, எண் ஏறினால் கம்பெனி என்ன செய்யும், இத்தனையும் எழுத வேண்டும். மறுக்கும் உரிமை மட்டும் எழுத மாட்டோம் என்றால் அங்கேயே எழுந்துவிடலாம். தண்ணீரை வாங்காத பக்கத்துத் தோட்டக்காரரின் கிணறும் அந்தச் சோதனைப் பட்டியலில் இருக்கட்டும், பாறை வெடிப்புக்கு நம் வேலி தெரியாது. முடிவுகள் ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டப்பட வேண்டும், ஒரு பிரதி ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவோடு பதிவாக வேண்டும். அப்படிக் கொடுத்த மனுவுக்கு எண் போட்டு வாங்காமல் வராதீர்கள்.